தானே வந்த நீரும் தோண்டியெடுத்த நெருப்பும்

ஆண்டுதோறும் ஜூன் முதல் நாள் நெருங்கும்போது கம்பம் பள்ளத்தாக்கில் ஒரே கேள்விதான் வாய்க்கு வாய் உலவும். "அணையில் எத்தனை அடி?" தேநீர்க் கடையிலும், விதைநெல் வாங்கும் இடத்திலும், திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும்போதும் இதே கேள்விதான். தேக்கடியில் மதகு திறக்கப்பட்டால் பெரியாற்று நீர் மலையைத் துளைத்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கி வந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஊர் ஊராகக் கடந்து, அல்லிநகரத்தை அடுத்துள்ள பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக வயல்களை அது நனைக்கிறது.

இந்த நீரைப் பற்றி நாம் எண்ணிப் பார்க்காத உண்மை ஒன்று உண்டு. இத்தனை ஏக்கருக்கும் அது பாய்வதற்கு ஒரு சொட்டு டீசலோ, ஒரு கரண்டி நிலக்கரியோ தேவையில்லை. மேட்டிலிருந்து பள்ளத்திற்குத் தன் எடையாலேயே அது வந்து சேர்கிறது. ஆனால், வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்தில் நின்று சற்றே செவிசாய்த்தால் வேறோர் ஒலி கேட்கிறது. ஆழ்துளைக் கிணறுகளுக்குள் மூழ்கிக் கிடக்கும் மோட்டார்கள் மேலேற்றிக் கொட்டும் நீரின் இரைச்சல் அது. ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு வேளாண்மைகள். ஒன்று ஓடிவரும் விசையால் நடப்பது. மற்றொன்று தோண்டி எரிக்கும் விசையால் நடப்பது. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம்? அங்கிருந்து சற்றேனும் திரும்பிவர இயலுமா? அப்படித் திரும்பும்போது அந்தச் சுமையைச் சுமக்கப்போவது யார்? இவற்றை வரலாற்றின் துணைகொண்டு சிந்திக்க விழைகிறோம்.

மலை கடந்த நீர்

மேற்கே கடலில் வீணாகச் சேரும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்னும் எண்ணம் மிகப் பழையது. 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதற்கென ஆட்களை மலைக்கு அனுப்பி ஆய்ந்தார் என்பது வரலாறு. 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி அந்த இடத்தைப் பார்வையிட்டு, இது நடவாத கனவு என்று எழுதிவைத்தார். (நெல்லையில் வாழ்ந்த தமிழறிஞர் கால்டுவெல் வேறு.) 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும் பஞ்சத்திற்குப் பின்னரே அந்தக் கனவு மீண்டும் கைக்கொள்ளப்பட்டது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1887இல் தொடங்கிய பணி ஜான் பென்னிகுயிக்கின் தலைமையில் நிறைவேறி, 1895 அக்டோபரில் அன்றைய ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15ஆம் நாளில் இவ்வட்டார உழவர்கள் இன்றும் அவர் நினைவாகப் பொங்கல் வைக்கிறார்கள்.

இந்த நீர் இலவசமாக வந்ததென்று எண்ணிவிடலாகாது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து அணையைக் கட்டிய தொழிலாளரில் பலர் காட்டுக் காய்ச்சலுக்கு இரையாயினர். நமக்கு எரிபொருள் இன்றிப் பாயும் நீர், அவர்கள் உயிர் கொடுத்து வாங்கிய நீர். எனினும் ஒருமுறை கொடுத்த விலைக்கு அது 130 ஆண்டுகளாகப் பயன் தந்துகொண்டிருக்கிறது. 1958 முதல் லோயர் கேம்ப்பில் அமைந்த மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, அதன் பின்னரே அது வயலுக்கு வருகிறது. நெல்லையும் மின்சாரத்தையும் ஒருசேரத் தந்து, மறு ஆண்டு மழையில் மீண்டும் நிறைகிறது. செலவழித்தாலும் தீராத செல்வம் எது என்று கேட்டால் நாம் இதனைத்தான் சுட்டுவோம்.

கமலை ஓட்டியவர் சொன்னது

வாய்க்கால் எட்டாத நிலங்களுக்கு அன்று கிணறும் கமலையுமே கதி. அல்லிநகரம் என்னும் பெயரே அல்லி பூத்த நீர்நிலைகளை நினைவூட்டுகிறது. மீறுசமுத்திரக் கண்மாய் நிறைந்தால் சுற்றுப்புறக் கிணறுகளிலும் நீர் மேலேறி நிற்கும். கிணற்று மேட்டிலிருந்து இறங்கும் சரிவில் எருதுகள் முன்னும் பின்னுமாக நடக்க, வடத்தின் முனையிலுள்ள கூனை நீரை மொண்டு வந்து வாய்க்காலில் கொட்டும். ஓர் இணை எருதுகளின் உழைப்பு ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன். அந்த எருதுக்கு எரிபொருள் வைக்கோலும் புல்லும். புல்லுக்கு எரிபொருள் கதிரவன். எரித்துத் தீர்ந்த சாம்பலுக்கு ஈடாக எருது தந்தது சாணம். அதுவும் நிலத்திற்கே திரும்பியது.

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் நாள் மறையுரையில் நாம் இந்தக் காலத்தை வியந்து பேசினோம். மண்ணோடும் மாட்டோடும் மனிதன் ஒன்றியிருந்த பொற்காலம் என்று, இன்று நினைத்தால் சற்று நாணம் தரும் சொற்களையும் பயன்படுத்தினோம். திருப்பலி முடிந்ததும் முதியவர் ஒருவர் வாயிலருகே நமக்காகக் காத்திருந்தார். கூலி வேலையிலேயே ஆயுளைக் கழித்தவர்.

"சாமி, நல்லாத்தான் பேசுனீக. ஆனா கமலை ஓட்டுனவன் நான். கோழி கூப்பிட மாட்டைப் பூட்டுனா உச்சி வெயில் வரைக்கும் இறங்கணும், ஏறணும். மாடாவது எசமானோடது. அதுக்குத் தவிடும் புண்ணாக்கும் உண்டு. எனக்குக் கூழுதான். மோட்டார் வந்த பெறகுதான் எம் மகன் பள்ளிக்கூடம் போனான்."

நாம் மறுமொழி கூற இயலாது நின்றோம். அவர் சினந்து பேசவில்லை. சிரித்துக்கொண்டே தான் கூறினார். அந்தச் சிரிப்பு அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. ஓய்வுநாள் எதற்கு என்று விடுதலைப் பயண நூல் 23ஆம் அதிகாரத்தில் கூறும்போது, எருதும் கழுதையும் அடிமைப் பெண்ணின் மகனும் இளைப்பாறவேண்டும் என்பதையே காரணமாகக் காட்டுகிறது. பல்லாண்டு அந்தப் பகுதியை வாசித்தும் போதித்தும் இருக்கிறோம். எருதின் பின்னால் நடந்தவனை நாம் காணவில்லை. நிலக்கரியும் டீசலும் மண்ணையும் காற்றையும் கெடுத்தன என்பது உண்மை. அவை மனிதத் தோளிலிருந்து ஒரு நுகத்தை இறக்கிவைத்தன என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் பேசுவது, அந்த நுகத்தைச் சுமந்திராதவர்க்கு எளிது.

கம்பி வழியே வந்த விசை

தமிழ்நாட்டில் மின்சாரம் முதலில் பெரும்பாலும் நீரிலிருந்தே பிறந்தது. 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம், பின்னர் நம் பெரியாறு. ஆகவே இங்கே கிணற்றடிக்கு வந்த முதல் மின்மோட்டார்களும் மலையிலிருந்து விழுந்த நீரின் விசையாலேயே ஓடின எனலாம். ஆனால் கிணறுகள் பெருகப் பெருக மலை நீர் போதவில்லை. 1962இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி மின்சாரமாயிற்று. 1970இல் எண்ணூர், 1979இல் தூத்துக்குடி என்று அனல் நிலையங்கள் எழுந்தன. தூத்துக்குடிக்கான நிலக்கரி ஒடிசாவின் தால்சேர்ச் சுரங்கங்களிலிருந்து பாரதீப் துறைமுகம் வந்து, கப்பலேறித் தெற்கே வருகிறது. தேனிச் சந்தையில் நாம் வாங்கும் வாழைத்தாருக்குப் பாய்ந்த நீரில் ஒடிசா மண்ணின் கரியும் கலந்திருக்கிறது என்பதை யார் எண்ணிப் பார்க்கிறோம்?

ஐந்து குதிரைத்திறன் மோட்டார் என்றால் களைப்பறியாத ஐந்து இணை எருதுகள். உழவர் அதனை உயிராகப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. 1970இல் மின்கட்டணம் உயர்ந்தபோது கொங்கு நாட்டில் போராட்டம் வெடித்தது. ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று உழவர்கள் உயிரிழந்தனர். 1972இல் கோவை நகரின் தெருக்களை உழவர்களின் மாட்டுவண்டிகள் அடைத்து நின்றன. நாராயணசாமி நாயுடு என்னும் பெயர் தமிழகமெங்கும் பரவியது அப்போதுதான். 1984இல் சிறு உழவர்க்கும், 1990ஐ ஒட்டி அனைத்து உழவர்க்கும் மின்சாரம் இலவசமாயிற்று. உயிர்கொடுத்துப் பெற்ற உரிமை அது. அதனை இழிவாகப் பேசுவோர் இந்த வரலாற்றை அறியாதோர்.

ஆயினும் விலையில்லாத பொருளுக்கு அளவில்லாமற் போகும் என்பது மனித இயல்பு. இன்று தமிழ்நாட்டில் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட வேளாண் மின் இணைப்புகள் உள்ளன. கிணறு வற்ற, அதற்குள் துளையிட்டோம். துளை வற்ற, பக்கத்தில் இன்னும் ஆழமாகத் துளையிட்டோம். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நெல்லுக்கு, மழையும் சேர்த்து, ஒரு போகத்திற்கு ஏறத்தாழ 48 இலட்சம் லிட்டர் நீர் வேண்டும். அத்தனையும் 50 மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றுவதானால், இயற்கை விதிப்படி குறைந்தது 660 யூனிட் மின்சாரம் செலவாகும். மோட்டாரிலும் குழாயிலும் நேரும் இழப்பைச் சேர்த்தால் நடைமுறையில் இது இரு மடங்கையும் தாண்டும். ஆழம் இரட்டித்தால் செலவும் இரட்டிக்கும். வாய்க்கால் வயலுக்கோ அந்தக் கணக்கில் பூச்சியம்.

நம் பள்ளத்தாக்கின் பெருமையான பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் அதனைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்று அப்போது வெளிவந்த செய்திகள் கூறின. அந்தக் கொடியும் இன்று மோட்டாரையும் மருந்து தெளிக்கும் எந்திரத்தையும் நம்பியே படர்கிறது. குருக்கள் நட்ட கொடிக்கும் இந்தக் கதையில் பங்குண்டு.

மூட்டைக்குள் மறைந்த எரிபொருள்

பம்புசெட்டும் டிராக்டரும் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத எரிபொருள் ஒன்று வயலில் வெண்மணிகளாகத் தூவப்படுகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனே ஆயினும் பயிரால் அதனை நேரே உண்ண இயலாது. 1909இல் பிரிட்ஸ் ஹேபர் என்ற ஜெர்மானிய அறிவியலார் மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் அந்த நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிக் காட்டினார். 1913இல் ஓப்பாவில் அதற்கென ஆலை எழுந்தது. அந்த வழியில் வந்ததே யூரியா. அதற்கு மூலப்பொருள் இயற்கை எரிவாயு அல்லது நாப்தா. சென்னையை அடுத்த மணலியில் 1971 முதலும், தூத்துக்குடியில் 1975 முதலும் யூரியா உருவாகி வருகிறது.

45 கிலோ யூரியா மூட்டை ஒன்றைச் செய்வதற்குச் செலவாகும் ஆற்றல், சுமார் 30 லிட்டர் டீசலில் அடங்கியுள்ள ஆற்றலுக்கு நிகர். அரசின் மானியத்தால் உழவர் அதற்குத் தரும் விலையோ ரூ.266.50, மூன்று லிட்டர் டீசலின் விலைகூட இல்லை. எரிபொருளைக் குறைக்கவேண்டும் என்று டிராக்டரையே சுட்டிக்காட்டிப் பேசுவோர், வரப்பில் அடுக்கிய மூட்டைகளை மறந்துவிடுகின்றனர். 1973இல் எண்ணெய் விலை உலகெங்கும் பன்மடங்கு உயர்ந்தபோதும், 2022இல் உக்ரைன் போரின்போதும் உரவிலையும் சேர்ந்தே ஏறியதன் காரணம் இதுவே. அரபு நாட்டிலோ கருங்கடலிலோ மூளும் போர் நம் வயல் வரப்பு வரை வந்து நிற்கிறது.

கல்லுப்பட்டியும் களக்காடும்

இதனை முன்னரே கண்டுணர்ந்தவர் ஒருவர் நம் அண்டையிலேயே வாழ்ந்தார். தஞ்சாவூரில் 1892இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பா, இலண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளியலும் பயின்றவர். காந்தியடிகளின் கிராமத் தொழில் இயக்கத்திற்குத் தோள்கொடுத்தவர். ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது இயேசுவின் போதனைகளைப் பற்றி ஒரு நூலும், நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், இறையடி சேர்ந்தார்.

அவர் செல்வத்தை இரண்டாகப் பகுத்தார். எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு ஒன்று. நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை. எடுத்தாலும் மீண்டும் ஊறிவரும் ஓட்டம் மற்றொன்று; காடு, ஆறு, கதிரொளி, கால்நடை போன்றவை. இருப்பின்மேல் கட்டிய வாழ்வு போட்டிக்கும் போருக்கும் இழுத்துச் செல்லும் என்பதும், ஓட்டத்தின்மேல் கட்டிய வாழ்வே நிலைக்கும் என்பதும் அவருடைய வாதம். டிராக்டரையும் இரசாயன உரத்தையும் அவர் எதிர்த்ததன் அடிப்படையும் இதுவே. அன்று நாடு அவரைக் கேட்கவில்லை. பசித்த நாட்டிற்கு அவசரம் இருந்தது. 1966இல் ஐ.ஆர்.8 நெல் வந்தது, உரமும் நீரும் கேட்டது, களஞ்சியமும் நிறைந்தது. அந்தச் சோற்றை உண்டு வளர்ந்த தலைமுறையினர் நாம். ஆகவே பசுமைப் புரட்சியைப் பழிப்பதற்கு நமக்கு வாய் எழவில்லை.

குமரப்பாவுக்குப் பின் அந்தக் குரலை வேறு வழியில் எழுப்பியவர் கோ. நம்மாழ்வார். 1960களில் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், மானாவாரி உழவர்க்கு அந்த ஆய்வுகள் பயன்படவில்லை என்றுணர்ந்து அரசுப் பணியைத் துறந்தார். அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் உழைத்த இடம் நெல்லைச் சீமையின் களக்காட்டில் இருந்த 'அமைதித் தீவு'. அதனை நிறுவியவர் பெல்ஜியம் நாட்டு தொமினிக்கன் சபைக் குரு தொமினிக் பீர். 1958இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். இயற்கை வேளாண்மையின் தமிழகத் தந்தை எனப் போற்றப்படும் ஒருவர் ஊர் மக்களோடு பழகிக் கற்ற பள்ளிகளுள் ஒரு துறவியின் கனவும் ஒன்று என்பதை நம் இளைஞர்கள் அறியவேண்டும்.

நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தார். காவிரிப் படுகையில் நிலத்தடி மீத்தேன் வாயு எடுக்கும் திட்டத்திற்கு எதிராக மக்களைத் திரட்டிவந்த வேளையில், பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் அவர் உயிர் பிரிந்தது. 2020இல் அந்தப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டத்தில் இடம்பெற்றது. வயலுக்கு அடியில் கிடக்கும் வாயுவை எடுக்கக்கூடாது என்று போராடிய அதே மண்ணில், வேறெங்கோ எடுத்த வாயுவால் செய்த யூரியா இன்றும் தூவப்படுகிறது. இது எவரையும் குறைகூறச் சொன்னதன்று. நாம் சிக்கியிருக்கும் முடிச்சின் இறுக்கத்தைக் காட்டவே சொன்னோம்.

மடகாஸ்கர் மண்ணில் ஒரு குரு

முடிச்சை அவிழ்க்கும் நூல்முனை ஒன்றும் ஒரு குருவின் கையிலேயே அகப்பட்டது. ஆன்றி தெ லோலானியே என்னும் பிரெஞ்சு இயேசு சபைக் குரு, சபையில் சேருமுன் வேளாண்மை பயின்றவர். 1961இல் மடகாஸ்கர் தீவுக்குச் சென்ற அவர், ஏழை உழவரின் வயல்களில் நின்று பல ஆண்டுகள் நெல்லைக் கவனித்தார். 1983இல் மழை பொய்த்து நாற்றங்கால் தாமதப்பட்டபோது, தம் வேளாண் பள்ளியில் வழக்கத்தைவிட மிக இளைய நாற்றை நடும்படி நேர்ந்தது. அந்தப் பயிர் எதிர்பாராத அளவு தூர்கட்டியது. இளநாற்று, குத்துக்கு ஒன்று, அகன்ற இடைவெளி, தேங்கா நீர், களையை மண்ணோடு புரட்டிவிடுதல் என்று அவர் வகுத்த முறையே நம் நாட்டில் செம்மை நெல் சாகுபடி அல்லது திருந்திய நெல் சாகுபடி எனப்படுகிறது. 1995இல் அவர் காலமானார். சில ஆண்டுகளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதனை ஆய்ந்து, தாமிரபரணிப் பாசனப் பகுதியிலும் காவிரிப் படுகையிலும் உழவர் வயல்களில் செய்து காட்டியது.

ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் தேவைப்பட்ட விதை 2 அல்லது 3 கிலோவாகக் குறைகிறது. வயல் காய்ந்து நனைவதால் நீரும் மிச்சமாகிறது. கிணற்றுப் பாசன உழவருக்கு மிச்சமான நீர் என்றால் மிச்சமான மின்சாரம். வாய்க்கால் பாசன உழவருக்கு அது கடைமடை உழவர்க்கு விட்டுக்கொடுக்கும் பங்கு. நடவுக்கு முன் தக்கைப்பூண்டோ சணப்போ கொழிஞ்சியோ விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவில் உள்ள அளவுக்குக் குறையாத நைட்ரஜனை அது மண்ணுக்குத் தருகிறது. அந்தச் செடியின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள், ஹேபரின் ஆலை பேரழுத்தத்தில் செய்வதை ஓசையின்றிச் செய்துவிடுகின்றன. நம் முன்னோர் தழையுரம் என்று கூறியது இதுவே.

ஆனால் இங்கும் அந்த முதியவரின் குரல் நமக்குக் கேட்கிறது. சேற்றில் களையெடுக்கும் கருவியைக் குறுக்கும் நெடுக்குமாகத் தள்ளுவது இடுப்பை முறிக்கும் வேலை. அதைத் தள்ளுவது யார்? அது வந்தபின் கைக்களை பறித்துக் கூலி பெற்ற பெண்களுக்கு என்ன வேலை? எடை குறைந்த கருவியும், மின்கலத்தால் இயங்கும் சிறு களையெடுப்பானும், பெண்களுக்கு அவற்றை இயக்கும் பயிற்சியும் இல்லாமல் இம்முறை ஊன்றாது. பல ஊர்களில் ஓரிரு போகம் செய்து கைவிட்டவர்களைச் சோம்பேறிகள் என்று நாம் பழிக்கலாகாது.

கட்டளையும் கதிரவனும்

அயல்நாட்டில் கற்ற கசப்பான பாடம் ஒன்றுண்டு. 2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடைசெய்தது. மாற்று உரம் ஆயத்தமாக இல்லை. உழவர்க்குப் பயிற்சியும் இல்லை. வன்னியிலும் மட்டக்களப்பிலும் நெல் விளைத்த தமிழ் உழவரும், தெற்கின் சிங்கள உழவரும் ஒருங்கே நட்டமடைந்தனர். விளைச்சல் பெரிதும் சரிந்தது. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த தீவு அரிசி இறக்குமதி செய்தது. அவ்வாண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. நோக்கம் நல்லதென்று சொல்லிவிடலாம். ஆனால் வழியைப் பணக்காரன் வகுத்து விலையை ஏழை கொடுத்தால் அது அறமாகாது. பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் ஒருசேரக் கேட்கவேண்டும் என்று 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அறிவுறுத்தியதன் ஆழம், அந்தத் தீவைப் பார்க்கும்போது விளங்குகிறது. நிலக்கரியும் எண்ணெயும் சார்ந்த தொழில்நுட்பத்தைக் காலந்தாழ்த்தாது மாற்றவேண்டும் என்று அதே மடல்தான் கூறுகிறது.

கதிரவன் மின்சாரம் இதற்கு விடையாகுமா? 2019 முதல் நடுவணரசின் திட்டத்தின்கீழ் சூரிய ஒளி பம்புகள் மானியத்தில் தரப்படுகின்றன. கம்பம் கணவாய் வழியே வீசும் காற்றில் ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. இவை நம்பிக்கை தருபவை. ஆனால் பகல் முழுதும் செலவின்றி ஓடும் பம்பு, கரியை மிச்சப்படுத்தும் கையோடு நிலத்தடி நீரையும் தீர்த்துவிடக்கூடும். கதிரொளி ஓட்டம், பல்லாண்டு ஊறிச் சேர்ந்த ஆழத்து நீரோ இருப்பு. ஓட்டத்தைக் கொண்டு இருப்பைச் சூறையாடினால் குமரப்பாவின் பாடத்தை நாம் பாதிதான் படித்தோம் என்றாகும்.

குஜராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி என்ற ஊரில் 2016இல் ஆறு உழவர்கள் ஒரு வழி கண்டனர். பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு கூட்டுறவு அமைத்து, தங்கள் சூரிய பம்புகளை மின்கம்பியோடு இணைத்து, பாசனத்துக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை விற்றனர். மோட்டாரை நிறுத்தினால் வருவாய் என்றானதும், நீரை வீணாக இறைக்கும் ஆசை தானே அடங்குவதற்கு வழி பிறந்தது. இலவசத்தைப் பிடுங்காமல், சிக்கனத்திற்குக் கூலி கொடுக்கும் ஏற்பாடு அது. பெருமாநல்லூரில் சிந்திய இரத்தத்தை மதிக்கும் தீர்வு ஒன்று தமிழகத்திற்கு வேண்டுமென்றால், அது இந்தத் திசையில்தான் இருக்கமுடியும் என்று நாம் கருதுகிறோம்.

யார் தோளில்?

இணைச்சட்ட நூலின் 11ஆம் அதிகாரத்தில் மோசே தம் மக்களிடம் இரண்டு நிலங்களை ஒப்பிட்டுப் பேசுகிறார். காலால் உழைத்து நீர் பாய்ச்சவேண்டிய எகிப்து ஒன்று. வானத்து மழையைப் பருகும் மலைநாடு மற்றொன்று. எகிப்தில் நீருக்குக் குறைவில்லை. அதனைப் பாய்ச்சிய கால்கள் அடிமைகளுடையவை. நம் பள்ளத்தாக்கில் அந்த இரண்டு நிலங்களும் வரப்புக்கு வரப்பு அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

எனவே அன்பர்களுக்கு நாம் முன்வைப்பது பெரிய திட்டமன்று. கண்மாயைத் தூர்வாரி வரத்து வாய்க்காலைக் காத்தால் கிணற்று நீர் மேலேறும். நீர் மேலேறிய அளவுக்கு மோட்டாரின் பசி குறையும். இன்று அல்லிநகரத்தைச் சுற்றி வயல்கள் மனைகளாகும் வேகத்தில் இது அவசரமான கடமை. சிறு, குறு உழவர்க்கு முழு மானியத்தில் கிடைக்கும் சொட்டுநீர்க் குழாய், வாழைக்கும் திராட்சைக்கும் நீரைப் பாதியளவில் முடிக்க உதவும். ஒரே ஒரு வயலில், ஒரே ஒரு போகம், தழையுரம் மடக்கி உழுது, ஒரு மூட்டை யூரியாவைக் குறைத்துப் பார்க்கலாம். கண்ட பயனை அடுத்த வரப்புக்காரரிடம் சொல்லலாம். நிலமுடையோர் இதனைச் செய்யும்போது, மிச்சமான உரச்செலவில் ஒரு பகுதி, கூடுதலாக உழைத்தவரின் கூலியில் சேர்ந்ததா என்றும் பார்க்கவேண்டும்.

அந்த முதியவர் இப்போது இல்லை. அவருடைய மகன் படித்து அரசுப் பணியில் சேர்ந்து, சிறிது நிலமும் வாங்கியிருக்கிறார். சென்ற ஆண்டு அவர் நிலத்தில் புதிதாகத் துளையிட்டபோது, மந்திரிக்க அழைத்தார். குழாயிலிருந்து நீர் வந்தபோது சுற்றி நின்றோர் கைதட்டினர். எத்தனை அடி என்று கேட்டோம். அவர் சொன்ன அளவைக் கேட்டதும் ஒரு கணம் எவரும் பேசவில்லை. பிறகு அவரே மெல்லக் கேட்டார்: "எம் மகன் காலத்துக்கு எத்தனை அடி போகணும் சாமி?"

தந்தை கேட்டது ஒரு கேள்வி. மகன் கேட்டது மற்றொன்று. இரண்டுக்கும் சேர்ந்து விடைகாணும் வேளாண்மையே நமக்கு வேண்டியது. ஜூன் மாதம் மதகு திறந்து நீர் வரும்போது, மறவாமல் இந்த இரண்டையும் நம்முள் கேட்டுக்கொள்வோம்.